எச்சில் முழுங்கும் இடம்

இன்னும் பாட்டு வந்தபாடில்லை. ரேடியோவில் வயலின்கள் எதையோ தேடிக்கொண்டிருந்தன, கரண்டு போன வீட்டில் தீப்பெட்டியைத் தடவுகிற மாதிரி. கையில் பட்டது போலிருக்கும், இல்லை, திரும்பத் தடவும், அப்புறம் எல்லாமாகச் சேர்ந்து அலமாரியோடு சரிந்து விழும். "சுருதி சேக்கதுக்கே இம்புட்டு நேரமா? நம்ம கோயில் திருநாளுக்கு வாற பேண்டு செட்டுக்காரன் வேன்லருந்து இறங்கும்போதே அடிச்சிக்கிட்டுல்லா இறங்குவான்," என்றாள் பிலோமி மாமி, கவிழ்த்துப் போட்ட மீன் பெட்டியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு. இது சுருதி சேர்ப்பதில்லை மாமி, ஆரம்பித்து ரொம்ப நேரமாச்சு என்று ஜெசிந்தா சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால், அப்போ பாட்டு எப்போ என்று கேட்பாள். பாட்டு கடைசியில்தான், அதுவரைக்கும் வெறும் வாத்தியம்தான் என்று சொன்னால் ஏலக் கொட்டகையே காலியாகிவிடும். ஆகட்டுமே. அந்த இடம் வரும்போது இங்கே ஒரு காக்கா குஞ்சுகூட இல்லாமல் இருந்தால் எவ்வளவு நல்லது. யார் இத்தனை பேரைக் கூப்பிட்டது? அப்பாதான். மெட்ராஸுக்கு ரயில் ஏறுவதற்கு முந்தின நாள், இதே கொட்டகையில், சீலா மீனை ஏலம் விட்டுக்கொண்டே, ஒரு விலைக்கும் அடுத்த விலைக்கும் நடுவில் மூச்சு விடாமல் சொல்லிவிட்டுப் போனார்: ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எல்லாரும் வந்துருங்க, ரேடியோவுல நேரடியா வருது, நான் பாடுதேன். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகிற வழக்கம் இந்த ஊரில் இல்லை, ஏலமும் இல்லை, கொட்டகை கழுவிவிட்டுச் சும்மா கிடக்கும். இக்னேசி தன்னுடைய மைக்செட்டைக் கொண்டுவந்து ரேடியோவோடு கோர்த்து, தூணில் குழாயைக் கட்டி, பூதாகரமான சத்தம் வைத்துவிட்டான். இனி என்ன நடந்தாலும் கடற்கரை முழுக்கக் கேட்கும்.

என்ன நடக்கும் என்பது ஜெசிந்தாவுக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். அம்மாவுக்குப் பாதிதான் தெரியும். அம்மா முந்தானைக்குள் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள், உதடு அசைந்தது, பார்க்கிறவர்கள் பாட்டோடு சேர்ந்து முணுமுணுக்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள். ரெமிஜியுஸ் ஏலக்காரர் என்றால் இந்தக் கரையில் யாரையும் விசாரிக்க வேண்டாம், குரல் வரும் திசையைப் பார்த்து நடந்தால் போதும். அந்தக் குரலைக் கேட்டுத்தான் மெட்ராஸ்காரர் மயங்கியது. மெட்ராஸில் இந்தப் பெரிய சிம்பொனியைப் போடப்போகிறோம், நூறு பேர் கூட்டமாகப் பாட வேண்டும், அடிக்குரலுக்கு ஆள் போதவில்லை என்று ஊர் ஊராகக் கோயில் கொயர்களைத் தேடி வந்தவர், நம் கோயிலில் பூசைப் பாட்டைக் கேட்டுவிட்டு, பின்வரிசையில் இடி இடிக்கிற அந்த மனுஷன் யார் என்று கேட்டாராம். அப்பா அதைச் சொல்லிச் சொல்லி, கடைசியில் அம்மாவே, அந்த இடியை ஒருநாள் மழையாப் பெய்யச் சொல்லுங்க, தண்ணிக் கஷ்டமாவது தீரும் என்று சொல்லிவிட்டாள். எல்லாம் நன்றாகத்தான் போனது. மொழி ஜெர்மன். ஜெசிந்தாதான் கோயில் கொயரை நடத்துகிற எட்வின் மாஸ்டரிடம் கேட்டுக் கேட்டுத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தாள். அப்பா அதை ஒரே வாரத்தில் மனப்பாடம் பண்ணிவிட்டார், மீன் பெயர் மாதிரிதாம்ட்டி இருக்கு, நமக்குத் தெரியாத ஆழ்கடல் மீன் என்று. சுருதி தப்பவில்லை. தாளம் தப்பவில்லை. ஒரே ஒரு இடம்தான். எல்லாரும் தொண்டை கிழிய ஒரு சொல்லைப் பிடித்து நீட்டுவார்கள், நீட்டிக்கொண்டே போய், கத்தியால் வெட்டினமாதிரி நிறுத்துவார்கள். அப்புறம் ஒன்றுமே கிடையாது. ஒரு சின்னச் சத்தமில்லாத இடம். அவ்வளவுதான். அந்த இடத்தில் அப்பா வாயைத் திறந்துவிடுவார்.

ஒரு தடவை இல்லை. ஒத்திகைக்கு ஒத்திகை. அடுத்த அடியோ, முந்தின அடியோ, எதுவும் கிடைக்காவிட்டால் வெறும் 'ஏ' என்றாவது ஒன்று அந்தப் பள்ளத்தில் போய் விழும். வேண்டுமென்று செய்வதில்லை. ஏலத்தில் வாய் ஓய்ந்தால் விலை ஓய்ந்துவிடும், வாங்குகிறவன் யோசிக்க ஆரம்பித்துவிடுவான், மீன் நாறிப்போகும். சத்தம் நின்ற இடத்தில் உடனே சத்தத்தைப் போட வேண்டும் என்பது அவருக்கு மூச்சு மாதிரி. வீட்டில்கூடப் பேச்சு நின்றால் கதவு நிலையில் தட்டிக்கொண்டாவது இருப்பார். மெட்ராஸ்காரர் முதலில் சிரித்தார், அப்புறம் சிரிக்கவில்லை, போன மாதம் இந்தப் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு வைத்த கடைசி ஒத்திகையில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்: ரேடியோவில் நேரடியாகப் போகிறது, அழித்து எழுத முடியாது, இன்னொரு தடவை இப்படி ஆனால் நீங்கள் கீழே உட்கார்ந்து கேட்கலாம். அப்பா வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார். கத்தவில்லை. கதவு நிலையில் தட்டவுமில்லை. பிறகு சொன்னார், அங்க போயி மேடையில வச்சி அப்பிடி ஆயிட்டுன்னா, அதோட முடிச்சிக்கிடுவேன் பாத்துக்கோ, கோயில்லயும் வாயத் தொறக்க மாட்டேன். சும்மா சொல்லுகிற ஆள் இல்லை. சிகரெட்டையும் அப்படித்தான் ஒரு வெள்ளிக்கிழமை நிறுத்தினார். அப்பா பாடாத ஞாயிற்றுக்கிழமையை ஜெசிந்தா நினைத்துப் பார்த்தாள். பூசை முடிந்து வீட்டுக்கு வந்து, வேட்டியை மடித்துக் கட்டி, இறைச்சிக்கு மசாலா அரைபடும்போது அடுக்களை வாசலில் நின்று காலையில் பாடியதை இன்னொரு தரம் பாடிக்காட்டுவார், இந்த இடத்தில் ஆர்மோனியப்பெட்டிக்காரன் சொதப்பிட்டாம் பாத்தியா என்று. அது இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை எதற்கு? திங்கட்கிழமையே வந்து தொலையலாம்.

குழாயில் திடீரென்று கொட்டு விழுந்தது. பாய்களில் படுத்துக்கிடந்த சின்னப்பிள்ளைகள் எழுந்துவிட்டார்கள். இது இரண்டாம் பாகம். ஒரு கொட்டு, ஒரு நிறுத்தம், இன்னொரு கொட்டு, அப்புறம் துரத்தல். "இவம் நல்லா அடிக்கான்," என்றான் இக்னேசி, மைக்செட்டுப் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு, அவனே அடிக்கிற பெருமையில். கூட்டத்துக்கு இது பிடித்துப்போனது. ஐஸ் கம்பெனிக்காரர்கள் இரண்டு பேர் கைலியை ஏற்றிக்கட்டிக்கொண்டு தோளைக் குலுக்கினார்கள். பிலோமி மாமி வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்து, "இத மொதல்லயே போட்டுருக்கலாம்லா, எந்தக் கூறுகெட்டவன் இப்படி வரிசப்படுத்துனான்?" என்றாள். எழுதினவருக்கு அப்போது காது கேட்காது மாமி என்று ஜெசிந்தா சொன்னாள். மாமி கால் ஆட்டுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். "நெசமாவா?" நிஜந்தான், எட்வின் மாஸ்டர் சொன்னார், முதல் தடவை போட்டபோது ஜனங்கள் கை தட்டியதுகூட அவருக்குத் தெரியவில்லையாம், யாரோ பிடித்துத் திருப்பிவிட்டார்களாம். மாமி குழாயை அண்ணாந்து பார்த்து, "அப்ப சரி, அவரச் சொல்லக் கூடாது," என்றாள். அப்பாவும் அப்படித்தான். அதைக் கேட்ட அன்றைக்குத்தான் ஒழுங்காகப் பயிற்சிக்கு உட்கார்ந்தார், காது கேக்காதவரு எழுதுனத காது கேக்கவன் கெடுக்கக் கூடாதுட்டி, நீ சொல்லு, நான் என்ன செய்யணும்.

என்ன செய்யணும் என்று அவளுக்கு என்ன தெரியும்? பிளஸ் டூ எழுதிவிட்டு ரிசல்ட்டுக்கு உட்கார்ந்திருக்கிற பிள்ளை. மெட்ராஸ்காரர் கொடுத்த கேசட்டைப் போட்டார்கள், அந்த இடம் வந்ததும் தொடையில் கிள்ளினாள், அப்பா 'ஆ' என்று கத்தினார், அது இன்னும் மோசம். உள்ளங்கையால் வாயைப் பொத்தினாள். மேடையில் யார் பொத்துவது? மனசுக்குள் எண்ணச் சொன்னாள், எண்ணினால் ஏலம் வந்துவிட்டது. கடைசியில் ஒருநாள் சாப்பிடும்போது, வாயில் சோறோடு பேச வந்தவர் விழுங்கிவிட்டுப் பேசினார், அப்போதுதான் ஜெசிந்தாவுக்குப் பொறி தட்டியது. எச்சி முழுங்குங்கப்பா. முழுங்கும்போது எவனாலயும் பாட முடியாது. சோதித்துப் பார்த்தார்கள். கேசட்டில் போலத் தொண்டையைக் கிழித்து நீட்டி, வெட்டி, உடனே ஒரு முழுங்கு. குரல்வளை ஏறி இறங்கியது. சத்தம் வரவில்லை. அப்பா அவளைப் பார்த்த பார்வை, ஏதோ கடலை இரண்டாகப் பிளந்து காட்டின மாதிரி. அதிலிருந்து தினம் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் அதே வேலை. வீட்டில் செய்ததெல்லாம் சரி. வீட்டில் வாய் ஊறும், குழம்பு வாசனை வரும். அங்கே ஆயிரம் பேருக்கு முன்னால், விளக்கு வெளிச்சத்தில், கோட்டு மாட்டிவிட்டு, ஒரு மணி நேரம் பேசாமல் நின்ற பிறகு வாய் வறண்டு போயிருக்குமே. வறண்ட வாயில் எதை முழுங்குவது? இதை யோசிக்கவே இல்லையே. மடச்சி. மிட்டாய் கொடுத்து அனுப்பியிருக்கலாம், ஒரு புளிப்பு மிட்டாய், கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்தால் ஊறிக்கொண்டே இருக்கும். இப்போது யோசித்து என்ன பிரயோஜனம். அவள் நாக்கு அவள் வாயிலேயே ஒட்டிக்கொண்டது.

மூன்றாம் பாகம் மெதுவாக வந்தது, வந்ததே தெரியாமல். கூட்டம் கழன்றது. தண்ணிக் குழாய் வரும் நேரம், சீரியல் நேரம், பிள்ளைக்குப் பால் கொடுக்கிற நேரம், ஒவ்வொருத்திக்கும் ஒரு நேரம் இருந்தது. பாதிப்பேர் போனார்கள். போகிறவர்கள் அம்மாவிடம், பாட்டு வரும்போது ஆள் விடு ஸ்தெல்லா என்று சொல்லிவிட்டுப் போனார்கள், அம்மா சரி சரி என்றாள், ஜெபமாலையில் எந்த மணி என்பது தப்பிவிட்டது போல, திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தாள், நாலு மணி உருள்வதற்குள் தூணில் சாய்ந்து தூங்கிவிட்டாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது, ஏற்றிப் போட்டிருக்கிற படகுகளின் அடிவயிறு மட்டும் தெரிந்தது, கடல் எங்கோ தள்ளி யாரையும் கேட்காமல் தன்பாட்டுக்கு இரைந்தது. இந்த இசைக்கு அவசரமே இல்லை. ஜெசிந்தாவுக்கு அவசரம்தான் எப்போதும், வகுப்பில் டீச்சர் கேள்வியை முடிப்பதற்குள் பதிலைச் சொல்லிவிடுவாள், தப்பாக இருந்தாலும் சத்தமாகச் சொல்லுவாள். அப்பா குரல்தான் அவளுக்கும். எட்டாம் வகுப்பில் அசெம்பிளிப் பாட்டுக்குச் சேர்த்தார்கள். மூன்றாம் நாள் பாட்டு டீச்சர் பக்கத்தில் வந்து, ரொம்ப அன்பாக, நீ வாயை மட்டும் அசை ஜெசிந்தா, சத்தம் வேண்டாம் என்றாள். வருஷம் முழுக்க அசைத்தாள். அப்புறம் எங்கேயும் பாடவில்லை, கோயிலில்கூட உதடு மட்டும்தான், பழகிவிட்டது. அதனால்தான் மெட்ராஸ்காரர் அப்பாவை அப்படிச் சொன்னபோது அவளுக்கு அவர் மண்டையில் தேங்காய் உடைக்கத் தோன்றியது. எங்கள் குரலென்றால் ஏன் எல்லாருக்கும் உறுத்துகிறது? உங்களுக்கு வேண்டும்போது இடி, வேண்டாதபோது வாயை மூடு. ஆனால் கேசட்டைக் கேட்கக் கேட்க அந்தக் கோபம் ஒருமாதிரி இடம் மாறிப்போனது. அந்தச் சத்தமில்லாத இடத்தில் சும்மா இருக்க வேண்டியது அப்பா மட்டும் இல்லை. நூறு பேரும் சும்மா இருக்கிறார்கள், வயலின்காரன், கொட்டுக்காரன், முன்னால் நின்று கம்பு ஆட்டுகிறவர் எல்லாரும். அவளை மட்டும் தனியாக நிறுத்தி வாயை மூடச் சொன்னார்கள். அப்பாவை எல்லாரோடும் சேர்ந்து மூடச் சொல்கிறார்கள். இரண்டும் ஒன்று இல்லை. ஒன்று இல்லைதான். இருந்தாலும் அந்த டீச்சரை எங்காவது பார்த்தால் கேட்கத்தான் வேண்டும்.

டமார் என்று குழாய் அலறியதில் அம்மா விழித்துக்கொண்டு, "முடிஞ்சிட்டா?" என்றாள். இப்பத்தாம்மா கடைசிப் பாகம். அடிவயிற்றிலிருந்து பெரிய பெரிய வயலின்கள் ஏதோ முறையிட்டன, முன்னால் வந்ததையெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துப் பார்த்து, இது வேண்டாம், இதுவும் வேண்டாம் என்று தள்ளின, பிலோமி மாமி மீன் பொறுக்குகிற மாதிரி. பிறகு அந்த மெட்டு. ஒன்றுமில்லாத மெட்டு அது, ஐந்து விரலுக்குள் அடங்குவது, பக்கத்துப் படிக்கு ஏறி பக்கத்துப் படிக்கு இறங்குவது, சின்னப்பிள்ளை பாடிவிடும். ரொம்பச் சன்னமாக ஆரம்பித்து, ஒவ்வொருத்தராக வந்து சேர்ந்துகொள்ள, வெளியே போயிருந்தவர்களும் கையில் குடத்தோடும் இடுப்பில் பிள்ளையோடும் திரும்பி வந்து நின்றார்கள். யாரும் ஆள் விடவில்லை, அதுவே கூப்பிட்டிருக்கிறது. அப்போது ஒரு ஆம்பிளைக் குரல் தனியாக எழுந்தது, கனத்து, நிமிர்ந்து. கொட்டகையே எழுந்துவிட்டது. "ரெமி அண்ணாச்சி," என்றான் இக்னேசி. ஐஸ் கம்பெனிக்காரர்கள் விசில் அடித்தார்கள். "தனியாவுல்லா பாட விட்டுருக்கான்," என்றாள் மாமி, கண் நிறைந்துவிட்டது அவளுக்கு, அப்பாவோடு தினம் விலைக்குச் சண்டை போடுகிறவள். ஜெசிந்தாவுக்கு அதைக் கெடுக்க மனசில்லை, ஆனால் பொய்யும் வாயில் நிற்காது.

"அது அப்பா இல்ல."

"ஏட்டி, உங்கப்பங் குரலு உனக்கே தெரியலையா?"

"தெரியும் மாமி. அதுனாலதான் சொல்லுதேன். அது வேற ஆளு. அப்பா கூட்டத்துல நிக்காவ, இப்ப வரும்."

"கூட்டத்துல நின்னா எப்பிடி நமக்குத் தெரியும்?"

தெரியும். அதுதான் பயமே. தெரியாமல் இருந்தால்தான் நல்லது. கூட்டம் பாட ஆரம்பித்தது, ஆண்கள் முதலில், பிறகு எல்லாரும், ஜெசிந்தா அடிக்குரலைத் தேடிக்கொண்டு அந்தச் சத்தத்துக்குள் இறங்கினாள், இதோ இருக்கிறார், இல்லை, இது வேறு யாரோ, ஒரு சுவர் மாதிரி இருந்தது, எந்தச் செங்கல் அப்பா என்று சொல்ல முடியவில்லை. நெருங்குகிறது. அவளுக்கு அடி அடியாகத் தெரியும். நாலு பேர் தனித்தனியாகப் பாடுவது முடிந்தது. கூட்டம் திரும்ப எழுந்தது. ஏறுகிறது. புளிப்பு மிட்டாய் கொடுத்திருக்கலாம். அம்மா கையைப் பிடித்தாள், அம்மா கை ஜில்லென்று இருந்தது, அப்போ அம்மாவுக்கும் முழுக்கத் தெரியும்தான் போல. ஏறி ஏறி அந்தச் சொல்லைப் பிடித்தார்கள், நீட்டினார்கள், தூணில் கட்டிய குழாய் நடுங்கியது, இன்னும் நீட்டினார்கள், வெட்டினார்கள்.

ஒன்றுமில்லை. ரேடியோ செத்துப்போன மாதிரி. இக்னேசி துள்ளி எழுந்தான், வயர் கழன்றுவிட்டதென்று பெட்டியைத் தட்டக் கை ஓங்கினான், ஜெசிந்தா பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். தொடாத. வாயால் சொல்லவில்லை, அவளால் சொல்லவும் முடியாது, முழுங்கிக்கொண்டிருந்தாள். வறண்ட தொண்டையில் இல்லாத எச்சிலை இழுத்து, வலிக்க வலிக்க, அப்பாவுக்கும் சேர்த்து. பிலோமி மாமி வாயைத் திறந்தபடி இருந்தாள். கடல் கேட்டது. தூரத்தில் ஒரு நாய். யாருடைய இடுப்பிலோ ஒரு பிள்ளையின் மூச்சு. கேசட்டில் இந்த இடம் இவ்வளவு நீளம் கிடையவே கிடையாது, யாரோ இழுத்து விட்டிருக்கிறார்கள், இதோ இப்போது, இப்போது அந்த 'ஏ', மெட்ராஸிலிருந்து ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டு, இல்லை, இன்னும் இல்லை, இன்னும்.

பிறகு ஆழத்தில் ஏதோ ஒரு குழல் 'பர்ர்' என்றது. இன்னொரு தரம், 'பர்ர்'. கொட்டகை ஒரு நொடி திகைத்துப்போய், அப்புறம் குலுங்கிச் சிரித்தது. "எவனோ மொச்சக்கொட்ட தின்னுட்டு வந்துருக்கான்," என்றாள் மாமி. ஐஸ் கம்பெனிக்காரன் ஒருத்தன் பாயில் உருண்டான். அந்தச் சத்தத்தின் மேலேயே ஒரு குட்டி அணிவகுப்பு நடந்து வந்தது, சலங்கையும் கொட்டுமாக, நம் திருநாள் பேண்டு செட்டு தெருமுனை திரும்புகிற மாதிரியே. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "ஆயிட்டா?" என்று கேட்டாள். ஆயிட்டும்மா. "ஒண்ணும் வரலையே?" ஒண்ணும் வரலை. அம்மா ஜெபமாலையை முத்தமிட்டு முந்தானையில் முடிந்துகொண்டாள். ஜெசிந்தா இக்னேசியின் கையை இன்னும் விடவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. விட்டாள். அவன் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே, "நண்டு," என்றான்.

அதற்குப் பிறகு நடந்ததை அவள் ஒழுங்காகக் கேட்கவில்லை. கேட்க வேண்டியதில்லை, கேட்காமலே உள்ளே வந்தது. பயம் இறங்கின உடம்பு லேசாகிவிட்டது, சுமையை இறக்கி வைத்த தலை தானாக மேலே போகுமே, அப்படி. அந்த மெட்டு திரும்ப வந்தது, இந்தத் தடவை நூறு பேரும் ஒட்டுமொத்தமாக, ஒளிவுமறைவே இல்லாமல். வார்த்தை எல்லாம் அவள் கையால் எழுதிக் கொடுத்தது. ரிசல்ட் வரட்டும், வராமல் போகட்டும், நர்சிங்கோ டைப்போ என்னவோ, இந்த ஒரு சாயங்காலத்தை யாரும் திருத்தி மார்க் போட முடியாது. வெளியே இருட்டு கட்டிக்கொண்டு வந்ததும் ஐஸ் கம்பெனி விளக்கு எரிந்ததும் அழகாக இருந்தது, பிலோமி மாமியின் வெற்றிலைப் பல்கூட அழகாக இருந்தது. அந்த மாமி ஏன் இப்படித் திரும்பிப் பார்க்கிறாள்? எல்லாருமே பார்க்கிறார்கள். தொண்டை அதிர்வது தெரிந்த பிறகுதான் தான் பாடிக்கொண்டிருக்கிறோம் என்பது ஜெசிந்தாவுக்குத் தெரிந்தது, உதடு மட்டும் இல்லை, சத்தமாக, குழாய்க்குப் போட்டியாக. நிறுத்தியிருக்கலாம். "அப்பங் குரலு கேக்கலையேன்னு பாத்தா, இங்கல்லா இருக்கு," என்றாள் மாமி. நிறுத்தவில்லை.

முடிந்து, மெட்ராஸில் கைதட்டல் மழை மாதிரி கொட்டி, அறிவிப்பாளர் ஏதோ பேச ஆரம்பித்ததும் இக்னேசி சத்தத்தைக் குறைத்தான். ஜனங்களுக்குச் சந்தோஷம்தான், ஆனால் ஒரு குறை. ரெமி குரல் எங்கே? நான் கேட்டேன் என்றாள் ஒருத்தி, நடுவில் ஒரு இடத்தில். எந்த இடம் என்று யாரும் கேட்கவில்லை. பாயைச் சுருட்டினார்கள். ஐஸ் கம்பெனி ஆபீசிலிருந்து ஆள் ஓடிவந்தது: மெட்ராஸ் போனு, ஜெசிந்தாவத்தான் கூப்பிடுதாவ. அம்மாவைக்கூடக் கூப்பிடவில்லை.

"ஏட்டி, நான்தான்," என்று அப்பா இங்கிருந்தே கேட்கிற மாதிரிக் கத்தினார். பின்னால் யார் யாரோ பேசுகிற சத்தம், நாற்காலி இழுக்கிற சத்தம். "எல்லாரும் வந்தாவளா? பிலோமி வந்தாளா? இக்னேசி ஒழுங்கா வச்சானா? கேட்டுச்சா? எங் குரலு தனியாக் கேட்டுச்சா? நெசத்தச் சொல்லணும்."

"இல்லப்பா," என்றாள் ஜெசிந்தா. "தேடித் தேடிப் பாத்தேன். ஒரு இடத்துலயும் உங்க குரலு தனியாக் கேக்கல. எல்லாரும் சேர்ந்துதான் கேட்டுச்சு."

அந்தப் பக்கம் சத்தம் நின்றுவிட்டது. லைன் போய்விட்டதோ என்று ஆபீஸ்காரர் கையைக் காட்டினார். ஜெசிந்தா இல்லையென்று தலையை ஆட்டி, ரிசீவரைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டாள். பேசவில்லை. அப்பாவும் பேசவில்லை. மெட்ராஸுக்கும் இந்தக் கரைக்கும் நடுவில் கம்பி மட்டும் 'ம்' என்று இரைந்துகொண்டிருக்க, ரொம்ப நேரம் கழித்து, தெளிவாக, அவர் எச்சில் முழுங்குவது கேட்டது.